கோடு தெரியும், குழி தெரியாது: சைக்கிளில் போய்த் திறந்த வரைபடம் வரைவது எப்படி

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியில் சைக்கிளை மிதித்தால் வலப்பக்கம் கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகள் ஒவ்வொன்றாக வரும். ஒருநாள் காலை அவற்றில் ஒன்றில் இறங்கினேன். போனில் இருந்த வரைபடத்தின்படி அந்த ஒழுங்கை கடற்கரை மணல் வரைக்கும் நேராகப் போகிறது. தரையிலோ இருநூறு மீற்றர் போய் ஒரு புது மதிலில் முட்டி நின்றுவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் அலை இரைகிறது. இந்தப் பக்கம் நான், சைக்கிள், ஒரு கட்டாக்காலி மாடு.

திரும்பி வரும்போது வேலியோரம் நின்ற ஐயா ஒருவர் சிரித்தார். "அது அடைச்சு ரெண்டு வருசம் தம்பி. மற்ற ஒழுங்கையால போங்க. அங்கால மணல் கூட, கொஞ்சத் தூரம் உருட்டிக்கொண்டுதான் போகணும்."

அவர் சொன்னதில் மூன்று தகவல்கள் இருந்தன: இந்த வழி அடைபட்டுவிட்டது, பக்கத்தில் வேறு வழி இருக்கிறது, அந்த வழி மணல். வானத்திலிருந்து படம் எடுக்கும் எந்தச் செய்மதிக்கும் இந்த மூன்றும் ஒழுங்காகத் தெரியாது. அந்த ஐயாவுக்குத் தெரிந்ததை வரைபடத்தில் எப்படி ஏற்றுவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கணினிப் படிப்பு எதுவும் வேண்டாம். சைக்கிளும் ஒரு சாதாரண போனும் இருந்தால் சரி. மலையேறும் சைக்கிள் வேண்டுமா என்று கேட்காதீர்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் நிற்க முடியாமல் வீட்டுக் கோடியிலிருந்து தூசி தட்டி எடுத்தோமே, அந்த லுமாலா சைக்கிள் போதும்.

யாருடைய வரைபடம்?

போனில் நாம் பார்க்கும் வரைபடங்களில் பல கம்பனிகளின் சொத்து. பார்க்கலாம், வழி கேட்கலாம். ஆனால் அதற்குள் இருக்கும் தரவை எடுத்து உங்கள் ஊர்ச் சைக்கிள் கழகத்துக்கென்று ஒரு படம் அச்சடிக்கப் போனால் அவர்களின் நிபந்தனைகள் குறுக்கே நிற்கும். அரச வரைபடம் இன்னொரு வகை. இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. அதன் படங்கள் அளவில் துல்லியமானவை. ஆனால் போன வருடம் எழுந்த மதிலுக்காக ஒரு படத்தைத் திருத்தி வெளியிட எந்தத் திணைக்களத்தாலும் முடியாது.

மூன்றாவது வகைதான் திறந்த வரைபடம். அதில் பெரியது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. அங்கே அரசின் வரைபடத் தரவைக் காசு கொடுத்து, ஆயிரம் கட்டுப்பாடுகளோடு வாங்க வேண்டியிருந்தது. சரி, நாமே நடந்தும் சைக்கிளில் போயும் வரைந்துவிடலாமே என்று ஆரம்பித்தார்கள். அது அப்போது சாத்தியமானதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜிபிஎஸ் செய்மதிகளின் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்க இராணுவம் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீற்றர் தள்ளிக் காட்டும் கருவியை வைத்து ஒழுங்கை வரைந்தால் ஒழுங்கை பக்கத்து வளவுக்குள் போய்விடும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து கையில் பிடிக்கும் சின்னக் கருவியும் பாதை வரையத் தகுதி பெற்றது.

இந்த வரைபடம் ஊர்க் கிணறு மாதிரி. யாரும் அள்ளலாம், தூர் வாரும்போது யாரும் இறங்கலாம். 2012 முதல் இதன் தரவு ஒரு திறந்த தரவுத்தள உரிமத்தின் கீழ் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் நிபந்தனைகள் இரண்டு. பாவித்தால் யாருடைய தரவு என்று குறிப்பிட வேண்டும். தரவை மேம்படுத்தி வெளியிட்டால் அதையும் இதே மாதிரித் திறந்தே விட வேண்டும்.

தொடங்கிய அதே 2004இன் கடைசியில்தான் கடல் நம் கரையை அடித்துக்கொண்டு போனது. அப்போது அந்த வரைபடம் நான்கைந்து மாதக் குழந்தை. நமக்கு உதவும் நிலையில் இல்லை. 2010இல் ஹெயிட்டியில் பூகம்பம் வந்தபோது உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் சில நாட்களுக்குள் தலைநகரின் தெருக்களைச் செய்மதிப் படம் பார்த்து வரைந்து கொடுத்தார்கள். மீட்புக் குழுக்கள் அதை எடுத்துக்கொண்டுதான் போயின. ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்காக நீங்கள் வரையும் குளக்கட்டுப் பாதையை நாளைக்கு யார் தேடுவார் என்று சொல்ல முடியாது.

புள்ளி, கோடு, சிட்டை

உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அவ்வளவு எளிது. எல்லாமே புள்ளியும் கோடும்தான். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் ஏழு புள்ளிகள். கிண்ணியாப் பாலம் ஒரு கோடு. கோடு சுற்றிவந்து தன் தொடக்கத்தையே தொட்டால் அது ஒரு பரப்பு: குளம், வயல், உப்பளம். புள்ளிகளையும் கோடுகளையும் சேர்த்துக் கட்டும் இன்னொரு வகையும் உண்டு. முதல் இரண்டு மாதத்துக்கு அதை மறந்துவிடுங்கள்.

வெறும் கோடு எதையும் சொல்லாது. அது வீதியா, வாய்க்காலா, மின்கம்பியா? அதைச் சொல்வது கோட்டில் ஒட்டும் சிட்டை. ஒவ்வொரு சிட்டையிலும் ஒரு கேள்வி, ஒரு பதில். தரை எது? மணல். சைக்கிள் போகலாமா? ஆம். பெயர் என்ன? இன்னது. சைக்கிள்காரருக்கு உயிர் இந்தச் சிட்டைகளில்தான் இருக்கிறது. கோடு என்றால் செய்மதிப் படம் பார்த்து ஜேர்மனியில் இருப்பவரும் வரைந்துவிடுவார். சிட்டைக்கு அங்கே போயிருக்க வேண்டும்.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் முதல் இடம், ஒரு வழியைப் 'பாத்' என்று போடுவதா 'ட்ராக்' என்று போடுவதா என்பது. நம் ஊருக்கு நான் வைத்திருக்கும் சோதனை: லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) போகுமா? போகுமென்றால் ட்ராக். வயல் வரம்பு மாதிரி ஆளும் சைக்கிளும் மட்டும்தான் போகுமென்றால் பாத். ட்ராக்குக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை தரமும் உண்டு. ஒன்று என்றால் தார் அல்லது நன்றாக இறுகிய தரை. ஐந்து என்றால் புல்லுக்குள் சில்லுத் தடம் மட்டும் தெரியும்.

அடுத்த தடுமாற்றம் நம் மொழியாலேயே வருவது. கிறவல் றோட்டு என்று நாம் சொல்வது சிவப்பு மண்ணைக் கொட்டி உருளை போட்டு இறுக்கிய வீதியை. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் 'கிராவல்' என்றால் கூர்மையான உடைகற்கள், தண்டவாளத்துக்குக் கீழே கிடக்குமே அந்த மாதிரி. நம் கிறவல் றோட்டுக்கு அந்தச் சிட்டையை ஒட்டினால், மெல்லிய டயர் வைத்திருக்கும் வெளியூர்க்காரர் நல்ல வீதியை விட்டுப் பிரதான வீதியில் லொறிகளுக்குள் போவார். இறுகிய கிறவலுக்கு 'கம்பாக்டட்' என்ற பதில்தான் பொருந்தும். நானே முதல் மாதத்தில் ஏழெட்டு வீதிகளைத் தப்பாகப் போட்டுவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

'பாதை' என்ற சொல்லும் கிழக்கில் சும்மா இருப்பதில்லை. ஆற்றையும் வாவியையும் கடக்க ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப்போகும் மிதப்புக்கும் இங்கே பாதை என்றுதான் பெயர். "அங்க பாதை இருக்கு" என்று ஒருவர் சொன்னால், மிதித்துக்கொண்டு போகும் பாதையா, நின்றுகொண்டு போகும் பாதையா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இரண்டாவது என்றால் அதற்குப் படகுச் சேவை என்ற தனிச் சிட்டை உண்டு.

மூன்றாவது விசயம் மாரி. செய்மதிப் படத்தில் தரை தெரிய வேண்டுமானால் மேகமில்லாத நாளில் எடுத்திருக்க வேண்டும். நம் பக்கம் மேகமில்லாத நாட்கள் அதிகம் கிடைப்பது மழையில்லாத வெயில் மாதங்களில். ஆகவே அந்தப் படத்தில் குளத்தின் காய்ந்த ஓரத்தால் போகும் தடம் பளிச்சென்று தெரியும். வீட்டிலிருந்து வரைபவர் சந்தோசமாகக் கோடு இழுப்பார். நவம்பரில் அந்தக் கோடு தண்ணீருக்குள். தம்பலகாமம் வயல்வெளியில் வாய்க்கால் ஓரமாகப் போகும் வழிகளும் இப்படித்தான்: வைகாசியில் சைக்கிளுக்கு மெத்தை, மார்கழியில் சில்லை விடாத களி. ஒரே வழியை இரண்டு பருவத்திலும் ஓடிப் பார்த்தவர் எழுதும் ஒற்றைச் சிட்டைக்கு இருக்கும் பெறுமதி நூறு கோடுகளுக்கு இல்லை. தண்ணீர் குறுக்கே ஓடும் இடத்தைத் தனியாகக் குறிக்கலாம், பருவத்துக்கு மட்டுமான வழி என்றும் குறிக்கலாம்.

பெயர்கள்

எனக்கு மிகப் பிடித்த வேலை இது. அதனால் கொஞ்சம் நீட்டுவேன்.

நம் ஊரில் இடப்பெயர் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது அடிபட்டு வருகிறது. பாலையூற்று என்றால் பாலை மரமும் ஊற்றும். அது ஆங்கில எழுத்தில் போய், அங்கிருந்து கணினி திருப்பித் தமிழாக்கும்போது 'பாலையுத்து' ஆகிவிடுகிறது. ஊற்று வற்றிவிட்டது. உவர்மலைக்கு ஆங்கிலத்தில் 'ஓர்' (Orr) என்ற ஆளின் குன்று என்று பெயர். எழுத்துப்பெயர்ப்புச் செய்யும் இயந்திரம் 'ஓர்ஸ் ஹில்' என்றுதான் எழுதும். உவர்மலை என்ற சொல் அதற்கு எங்கிருந்து வரும்? சீனக்குடாவை 'சைனா பே' என்று தமிழில் எழுதியிருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், ஆங்கிலப் பெயர் என்று தனித்தனிச் சிட்டைகள் உண்டு. ஒன்றை நிரப்ப இன்னொன்றை அழிக்கத் தேவையில்லை. இது முக்கியம். பெயருக்காகச் சண்டை பிடித்து நேரத்தை வீணாக்காமல், உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த தமிழ்ப் பெயரைத் தமிழ்ச் சிட்டையில் சரியான எழுத்தோடு போடுங்கள். திருகோணமலையா திருக்கோணமலையா என்பது மாதிரி இரண்டு எழுத்தும் வழக்கில் இருந்தால் மாற்றுப் பெயருக்கும் ஒரு சிட்டை இருக்கிறது.

அப்புறம் 'கட்டை', அதாவது மைல்கல். மைல்கற்கள் கிலோமீற்றராக மாறிப் பல காலம். ஆனாலும் நிலாவெளி வீதியில் மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை என்றுதான் ஆட்டோக்காரருக்கும் தெரியும், பஸ் நடத்துநருக்கும் தெரியும். அரச ஆவணத்தில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர் என்றால் வாய்ப்பெயருக்கும் அங்கே இடம் கொடுக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருபவர் ஒருவர் 'ஆறாம் கட்டை' என்று தேடினால் கிடைக்க வேண்டும் அல்லவா?

ஒரு காலைச் சவாரி

முதல் தடவை நீளமாகப் போக வேண்டாம். பத்து கிலோமீற்றர் போதும். கன்னியாப் பக்கமாகவோ சாம்பல்தீவுப் பக்கமாகவோ, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வழியையே எடுங்கள். தெரிந்த வழியில்தான் வரைபடத்தின் பிழை கண்ணில் படும். வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். கச்சான் என்ற வெக்கைக் காற்று அடிக்கும் மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு தார் வீதியில் மிதிப்பது தண்டனை.

பாதையைப் பதிவு செய்ய ஒஸ்ம்அண்ட் போன்ற செயலி ஒன்று போதும். புறப்படுமுன் திறந்தவெளியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். இடத்தைக் கணிக்கப் போனுக்குக் குறைந்தது நான்கு செய்மதிகள் வேண்டும். அவை ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. திறந்த வானத்தின் கீழ் சாதாரண போன் ஐந்து மீற்றர் அளவுக்குச் சரியாகக் காட்டும். அடர்ந்த மரத்துக்குக் கீழும் உயர்ந்த சுவரோரத்திலும் சமிக்ஞை பட்டுத் தெறித்து வருவதால் தடம் குடிகாரன் நடை மாதிரி ஆடும். கோட்டைச் சுவருக்குப் பக்கத்தால் போய்ப் பாருங்கள், புரியும்.

பதிவு ஓடிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் கண்ணைப் பாவியுங்கள். ஒவ்வொரு சந்தியிலும் ஒரு படம் எடுங்கள். தரை மாறும் இடத்தில் நின்று குரலில் ஒரு வரி சொல்லிப் பதியுங்கள்: "மதகு தாண்டினதும் மணல் தொடங்குது." சைக்கிள் கடை, காற்றடிக்கும் இடம், குடிதண்ணீர்க் குழாய், தேத்தண்ணிக் கடை, நிழல். டியூப் வெடித்தவருக்கு ஒட்டுப் போடும் கடை எங்கே என்பதுதான் உலகத்திலேயே பெரிய தகவல்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தடம் ஒரு ஜிபிஎக்ஸ் கோப்பாக இருக்கும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தளத்தில் கணக்கு ஒன்று திறந்து, 'திருத்து' என்பதை அழுத்தினால் உலாவியிலேயே ஒரு திருத்தி திறக்கும். பின்னால் செய்மதிப் படம், மேலே உங்கள் தடம். இரண்டையும் பார்த்துக் கோடு இழுக்க வேண்டும். பல நாள் தடங்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படத்திலிருந்து ஐந்தாறு மீற்றர் விலகி நின்றால் தடத்தைச் சந்தேகிக்காதீர்கள். விலகியிருப்பது பெரும்பாலும் படம்தான். அதை நகர்த்திப் பொருத்த அங்கேயே வசதி இருக்கிறது.

என் பெரிய பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குளக்கட்டுப் பாதையை அழகாக வரைந்தேன். கண்ணுக்கு வீதியைத் தொட்டுக்கொண்டுதான் நின்றது. ஆனால் இரண்டு கோடுகளுக்கும் பொதுவான புள்ளி ஒன்றை நான் போடவில்லை. வழி சொல்லும் செயலிக்கு அது இரண்டு தனி உலகம்; பக்கத்தில் இருக்கும் குளக்கட்டுக்கு ஊரைச் சுற்றிப் போகச் சொன்னது. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் பண்பாக ஒரு குறிப்பு எழுதி, எப்படி இணைப்பது என்று காட்டினார். பழைய நிலைகள் எல்லாம் வரலாற்றில் சேமிக்கப்பட்டிருக்கும். ஆகவே நீங்கள் கெடுத்தாலும் மீட்கலாம். பயப்படாதீர்கள்.

இதுவே அதிகம் என்று தோன்றினால் ஸ்ட்ரீட் கம்ப்ளீட் என்றொரு ஆண்ட்ராய்டு செயலி இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி விடுபட்ட தகவல்களைக் கேள்வியாகக் கேட்கும். இந்த வீதியின் தரை என்ன? பதிலைத் தொட்டால் வேலை முடிந்தது. தேத்தண்ணி ஆறும் நேரத்தில் நான்கு கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

சேமிக்கும்போது என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி கேட்கும். தமிழிலேயே எழுதலாம். "மதில் கட்டியதால் அடைபட்ட ஒழுங்கை, நேரில் பார்த்தேன்." 'நேரில் பார்த்தேன்' என்ற சொல்லுக்கு அங்கே தனி மரியாதை. படத்தில் என்ன இருந்தாலும், தாளில் என்ன எழுதியிருந்தாலும், தரையில் இருப்பதே சரி என்பது அவர்களின் அடிப்படை விதி.

கை வைக்கக் கூடாதவை

கூகுள் மேப்பைப் பார்த்துப் பெயரோ கோடோ எடுத்து இங்கே போடக் கூடாது. அது அவர்களின் சொத்து. ஒரு சந்துப் பெயர் என்றாலும் கூடாது. கடைப் பலகையைப் பார்த்து எழுதுங்கள், ஆளிடம் கேட்டு எழுதுங்கள்.

நம் ஊரில் படையினர் இருக்கும் இடங்கள் நிறைய. கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியில் மான்களைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் போகிறோம். அதிலிருந்து பிரியும் வழிகள் எல்லாம் நமக்கானவை அல்ல. கடற்படைத் தளத்துப் பக்கமும் அப்படித்தான். அனுமதியில்லை என்ற பலகை இருந்தால் அங்கே பதிவும் வேண்டாம், படமும் வேண்டாம். எல்லோரும் போகும் வீதி எங்கே முடிகிறதோ அங்கே தடை என்று குறித்துவிட்டுத் திரும்புங்கள். பிறகு வருபவர் தெரியாமல் போய் விசாரணைக்கு நிற்காமல் இருக்க அந்த ஒரு புள்ளி உதவும்.

கந்தளாய், பன்குளம் பக்கக் காட்டுத் தடங்களில் யானை உண்டு. விடியற்காலையிலும் அந்தியிலும் அங்கே சைக்கிளில் போவதை வீரம் என்று நான் நினைக்கவில்லை. யானைகள் போட்ட தடம் செய்மதிப் படத்தில் அழகான சைக்கிள் பாதை மாதிரித் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டு வாசலிலிருந்து பதிவைத் தொடங்கவும் வேண்டாம். தடத்தைப் பொதுவில் ஏற்றினால் அது உங்கள் வீட்டையும் நீங்கள் புறப்படும் நேரத்தையும் சேர்த்தே சொல்லும். சந்தி தாண்டித் தொடங்கி, சந்தியிலேயே முடித்துவிடுங்கள். தனியார் வளவுக்குள்ளால் ஊரார் பழக்கத்தில் போய்வரும் குறுக்கு வழிகளை நான் வரைவதில்லை. வளவுக்காரர் பத்துப் பேரைப் பொறுத்துக்கொள்வார். வரைபடம் பார்த்து நூறு பேர் வந்தால் வேலி போட்டுவிடுவார், அப்போது அந்தப் பத்துப் பேருக்கும் வழியில்லை.

மதிலில் முட்டிய அந்த ஒழுங்கையை அன்று மாலையே திருத்தினேன். வரைபடக் கோட்டினை மதிலோடு வெட்டி, ஐயா காட்டிய மற்ற ஒழுங்கைக்கு மணல் என்று சிட்டை போட்டேன். போன மாதம் தற்செயலாக அந்த இடத்தைத் திறந்து பார்த்தால் யாரோ என் கோட்டைத் திருத்தியிருக்கிறார்கள். மதிலின் தெற்கு மூலையில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து, அதற்கு ஒரு சின்னக் கோடு, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள வேண்டும் என்ற சிட்டை. கீழே ஒரே ஒரு வரிக் குறிப்பு: 'நேரில் பார்த்தேன்.' நான் மாட்டையும் மதிலையும் பார்த்த மும்முரத்தில் அந்த மூலையைப் பார்க்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய் ஹேண்டில் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும்.